இரண்டு கோள்கள், ஒரே பிரேம்: யாழ்ப்பாணத்திலிருந்து கோள் சேர்க்கையைப் படமெடுக்க ஒரு வழிகாட்டி

கோள் சேர்க்கை, அதாவது இரண்டு கோள்கள் வானில் அருகருகே தெரிவது, நமக்காகக் காத்திருக்காது. சூரியன் மறைந்து, வானம் கொஞ்சம் கறுத்து, கோள்கள் பனைகளுக்குப் பின்னால் இறங்குவதற்குள் கிடைப்பது ஒரு மணிநேரமோ ஒன்றரை மணிநேரமோதான். அதற்குள் தொலைநோக்கியை நிறுத்த வேண்டும், குவியம் பிடிக்க வேண்டும், படமும் எடுத்து முடிக்க வேண்டும். அதனால் இந்தக் கட்டுரையில் அந்த ஒரு மாலையை விட அதற்கு முந்திய நாட்களைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லப் போகிறேன். தொலைநோக்கி கையில் இருக்கிறது, ஆனால் அதில் கமராவைப் பொருத்திப் பழக்கமில்லை என்பவர்களை நினைத்தே எழுதுகிறேன்.

எவ்வளவு நெருக்கம்?

பஞ்சாங்கத்தில் குருவும் சனியும் ஒரே ராசியில் என்று போட்டிருந்தால் அது நமக்குப் போதாது. ஒரு ராசி 30 பாகை அகலம். ஒரே ராசியில் நிற்கும் இரண்டு கோள்கள், கையை நீட்டிப் பிடித்து அளந்தால் ஒன்றரைச் சாண் இடைவெளியில் கூட இருக்கலாம். படமெடுப்பதற்கு வேண்டியது பாகைக்கும் கீழே உள்ள கணக்கு. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழுநிலவின் அகலம் ஏறத்தாழ 30 கலை.

2020 டிசம்பர் 21 அன்று வியாழனுக்கும் சனிக்கும் இடையே இருந்தது வெறும் 6 கலைதான். 1623-க்குப் பிறகு இந்த இரண்டும் அவ்வளவு கிட்ட வரவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுக்கு ஒருமுறை இவை சந்திக்கின்றன, ஆனால் ஒவ்வொரு முறையும் இந்த நெருக்கம் கிடைக்காது. 2040-இல் ஒரு பாகைக்குச் சற்று மேலே விலகித்தான் கடக்கும். மறுபடி 6 கலைக்கு வருவது 2080 மார்ச்சில். அதற்காக மனம் சோர வேண்டாம். வெள்ளி, வியாழன், செவ்வாய் ஆகியவை அடிக்கடி சந்தித்துக்கொள்கின்றன. 2023 மார்ச் தொடக்கத்தில் வெள்ளியும் வியாழனும் அரைப் பாகையில் நின்றன. 2024 ஆகஸ்ட் 14 அதிகாலையில் செவ்வாயும் வியாழனும் ஏறத்தாழ 18 கலை இடைவெளியில் நின்றன. 2026 ஜூன் 9 மாலையில் வெள்ளிக்கும் வியாழனுக்கும் இடைவெளி 1.6 பாகை, அதாவது மூன்று நிலவு அகலம்.

இந்த அளவுகளைக் கண்ணுக்குப் பழக்க நல்ல வழி ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் காட்டுகிற அருந்ததியும் அவளருகே இருக்கும் வசிட்டரும் 12 கலை இடைவெளியில் இருக்கிறார்கள். ஏப்ரல், மே மாத முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தில் தேடிப் பாருங்கள். 2020-இல் வியாழனும் சனியும் நின்றது அதில் பாதித் தூரம்.

அடுத்து, உங்கள் கருவிக்குள் அந்த இடைவெளி அடங்குமா என்று பாருங்கள். கணக்கு எளிது: கமரா சென்சரின் அகலத்தை (மில்லிமீற்றரில்) 57.3 ஆல் பெருக்கி, தொலைநோக்கியின் குவியத்தூரத்தால் வகுத்தால் பிரேமின் அகலம் பாகையில் வரும். 1200 மில்லிமீற்றர் தொலைநோக்கியில் 22 மில்லிமீற்றர் அகலச் சென்சர் உள்ள சாதாரண டிஎஸ்எல்ஆர் கமராவைப் பொருத்தினால் பிரேம் ஒரு பாகைக்குச் சற்று மேல். 6 கலை, 18 கலைச் சேர்க்கைகள் தாராளமாக அடங்கும். 1.6 பாகை அடங்காது, அதற்கு 400 முதல் 600 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள சிறிய தொலைநோக்கியோ பெரிய கமரா லென்ஸோதான் சரி. கோள்களுக்கென்று விற்கிற சிறிய வீடியோக் கமராக்களின் சென்சர் 5.6 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். அதே 1200 மில்லிமீற்றர் தொலைநோக்கியில் அது 16 கலையைத்தான் காட்டும். 'ஸ்டெல்லாரியம்' என்ற இலவச மென்பொருளில் உங்கள் தொலைநோக்கி, சென்சர் அளவுகளைக் கொடுத்தால் எந்தத் திகதியில் பிரேம் எப்படி இருக்கும் என்று அப்படியே வரைந்து காட்டும். இதைச் செய்யாமல், படத்தைப் பெரிதாக்கும் பார்லோ வில்லை வாங்கப் போகாதீர்கள். பிரேமை விட்டு ஒரு கோள் வெளியே போய்விட்டால் சேர்க்கைப் படம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

எங்கே நிற்பது?

நமக்கு இயற்கை தந்த வசதி இரண்டு. ஒன்று, குடாநாட்டில் மலை இல்லை. மற்றது, பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் கோள்கள் இங்கே அடிவானத்தை நோக்கி ஏறத்தாழ நேராக இறங்கும். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் அதே கோள்களைச் சாய்வாக, வீட்டுக் கூரைகளோடு ஒட்டிப் பார்க்கும்போது நமக்கு அவை உயரத்தில் நிற்கும். ஆனால் சூரியனும் அதே வேகத்தில் நேராக இறங்குவதால் அந்திநேரம் இங்கே குறுகியது. சட்டென்று இருட்டிவிடும்.

டிசம்பரில் சூரியன் தென்மேற்கில் மறையும், ஜூனில் வடமேற்கில். மாலைக் கோள்களும் அந்தப் பக்கமே. டிசம்பர்ச் சேர்க்கைக்கு வேலணையின் சாட்டிக் கடற்கரை, ஜூன் சேர்க்கைக்குக் காரைநகர் கசூரினா என்று திசை பார்த்துத் தெரிவு செய்யுங்கள். பட்டணத்தை விட்டுப் போக முடியாதவர்களுக்குப் பண்ணைக் கடற்கரை இருக்கிறது. கடல்நீரேரிக்கு மேலே மேற்கு வானம் திறந்து கிடக்கும். தெரு விளக்குகள் கோள்களுக்கு ஒரு தடையே அல்ல, வாகனம் போகும்போது வரும் அதிர்வுதான் தடை. வீதியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். அதிகாலைச் சேர்க்கை என்றால் கிழக்குக் கரை, மணற்காடு போல.

மொட்டைமாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிரீட் மாலையில் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும், அந்தக் காற்றுக்குள்ளால் பார்த்தால் கோள் நெளியும். புல்தரையோ நீரோரமோ நல்லது.

காற்றையும் பருவத்தையும் கணக்கில் எடுங்கள். ஜூனில் சோளகம் விடாமல் அடிக்கும். வானம் வெளிக்கும், ஆனால் நீண்ட குழாயைக் காற்று உலுப்பும். வாகனத்தையோ ஒரு மதிலையோ மறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் வாடையும் மழையும். அந்தக் காலத்தில் வரும் சேர்க்கைக்கு ஒரு நாளை மட்டும் நம்பக்கூடாது. 2020-இல் உச்ச நாளுக்கு முதல்நாளும் மறுநாளும் இடைவெளி 10 கலைக்கு உள்ளேதான் இருந்தது. இரண்டு நாள் முன்னும் பின்னும் எடுத்த படங்களும் நல்ல படங்களே. முகில் விட்ட நாளே நமக்கு நாள்.

இரவில் கடற்கரையில் நீளக் குழாயொன்றை நிமிர்த்தி வைத்தால் யாரும் வந்து என்னவென்று கேட்பார்கள், கடற்படையினரும் கேட்கலாம். அருகில் காவலரண் இருந்தால் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுங்கள்.

மவுண்ட்

மவுண்ட் என்பது தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு. அதில் கையால் தள்ளுகிற எளிய வகையான டொப்சோனியன் வைத்திருப்பவர்கள், தங்களால் முடியாது என்று ஒதுங்க வேண்டியதில்லை. பூமி சுற்றுவதால் கோள் ஒரு செக்கனுக்கு 15 விகலை நகர்கிறது. ஷட்டர் நேரம் 1/30 செக்கன் என்றால் நகர்வு அரை விகலை, அது படத்தில் தெரியவே தெரியாது. கோள்களைப் பிரேமின் ஒரு ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள், அவை தாமாக மறு ஓரத்துக்கு நகரும்வரை சுடுங்கள், திரும்பவும் ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பாகை அகலப் பிரேமைக் கடக்க நாலு நிமிடம் பிடிக்கும், அது தாராளம். வியாழனின் துணைக்கோள்களுக்காக அரைச் செக்கன் திறந்தால்தான் புள்ளி கோடாக நீளும்.

மோட்டார் உள்ள எக்குவற்றோரியல் மவுண்ட் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். அந்த மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி நிற்க வேண்டும், அதுதான் துருவச் சீர்மை. யாழ்ப்பாணத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பத்துப் பாகைக்கும் கீழே. பல மவுண்ட்களின் அச்சு அவ்வளவு தாழ இறங்காது, 15 பாகையிலோ 20-இலோ இடித்து நின்றுவிடும். அப்படியானால் முக்காலியின் வடக்குக் காலைக் கொஞ்சம் குறைத்து முழுவதையும் வடக்கே சாயுங்கள். சாய்ந்த முக்காலி கவிழாதபடி கீழே ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். நம்முடைய ஷட்டர் நேரங்களுக்குத் துல்லியமான துருவச் சீர்மை வேண்டாம், வடக்கு சரியாக இருந்தால் போதும். மணலில் கால் புதையும், மூன்று கால்களுக்கும் கீழே பலகைத் துண்டு வையுங்கள்.

ஒத்திகை

இதுதான் கட்டுரையின் நடுப்பகுதி, இதில் அவசரப்பட வேண்டாம். சேர்க்கைக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்.

முதல் வேலை பகலில். தொலைநோக்கியின் முதுகில் இருக்கும் சிறிய தேடுகுழாயும் பெரிய குழாயும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் தொலைத்தொடர்புக் கோபுரத்தின் நுனியையோ தண்ணீர்த்தாங்கியின் விளிம்பையோ பெரிய குழாயின் நடுவில் கொண்டுவந்து, பிறகு தேடுகுழாயின் திருகுகளைத் திருப்பி அதே நுனியைச் சிலுவைக் கோட்டில் நிறுத்துங்கள். சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது. சேர்க்கை நாளிலும் அப்படித்தான்: சூரியன் முழுதாக மறையும்வரை மேற்குப் பக்கம் குழாயின் மூடியைக் கழற்றாதீர்கள். ஒரு நொடியில் கண் போய்விடும், இதில் விளையாட்டில்லை.

இரண்டாவது, கமராவைப் பொருத்துவது. டிஎஸ்எல்ஆர் என்றால் லென்ஸைக் கழற்றிவிட்டு, டி-வளையம் ஒன்றின் மூலம் உடலை நேராகக் குவியக்குழாயில் (குவியம் பிடிக்க உள்ளும் வெளியும் நகரும் குழாய்) செருக வேண்டும். வில்லைக்குப் பதில் குழிக் கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டன் வகைத் தொலைநோக்கிகள் சிலவற்றில் குவியக்குழாய் போதிய அளவு உள்ளே போகாது, படம் தெளியவே தெளியாது. இது சேர்க்கை நாளில் தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது, இப்போதே பாருங்கள். கைத்தொலைபேசி என்றால் 25 மில்லிமீற்றர் அளவிலான ஐபீஸைப் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டு, போனைத் தாங்கிப்பிடிக்கும் கவ்வி ஒன்றை அதில் மாட்டுங்கள். கையால் பிடித்து எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். போனின் புரோ மோடில் ஐஎஸ்ஓவையும் (ஒளியுணர்திறன் அளவு) ஷட்டரையும் நீங்களே வைக்க வேண்டும், தானியங்கியில் விட்டால் கறுத்த வானத்தைப் பார்த்து அது இரண்டு கோள்களையும் வெள்ளைப் பொட்டாக்கிவிடும்.

மூன்றாவது, குவியம். பழுதாகிற படங்களில் பெரும்பாலானவை இங்கேதான் பழுதாகின்றன. பாட்டினோவ் மறைப்பு என்று ஒன்று உண்டு: காட்போட் மட்டையில் மூன்று திசைகளில் நீள நீளமாகக் கீறு வெட்டித் தொலைநோக்கியின் வாயில் மூடுவது. அளவைக் கொடுத்தால் வரைபடம் போட்டுத் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன, அச்சடித்து மட்டையில் ஒட்டிக் கூரான பிளேட்டால் வெட்டலாம். அதைப் போட்டுக்கொண்டு பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பாருங்கள். ஜூன் மாலையில் உச்சிக்கு அருகே சுவாதி இருக்கும், டிசம்பர் மாலையில் வடமேற்கே வேகா. நட்சத்திரத்திலிருந்து மூன்று ஒளிக்கதிர்கள் கிளம்பும். இரண்டு, பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று வெட்டி நிற்கும். மூன்றாவது கதிர் குவியத் திருகைத் திருப்பத் திருப்ப ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகரும். அது பெருக்கல் குறியின் சரி நடுவால் போகிற கணத்தில் நிறுத்துங்கள். கமராத் திரையைப் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு செய்யுங்கள். திருகைப் பூட்டியபின் திரும்பவும் பாருங்கள், பூட்டும்போதே சில வேளை அசைந்துவிடும். கோளின் மேல் இந்த மறைப்பு சரிவராது, கோள் வட்டமாக இருப்பதால் கதிர்கள் மங்கிப்போகும். நட்சத்திரத்தில் பிடித்துவிட்டுக் கோளுக்குத் திரும்புங்கள். மறைப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.

நான்காவது, வெளிச்சக் கணக்கு. சேர்க்கைப் படத்தின் உண்மையான சிரமம் இதுதான். சனி சூரியனிலிருந்து வியாழனை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு தொலைவில் இருப்பதால் அதன்மேல் விழும் ஒளி மூன்றரை மடங்கு குறைவு. வியாழனின் பட்டைகள் தெரிகிற அளவில் வைத்தால் சனி மங்கும், சனிக்குச் சரியாக வைத்தால் வியாழன் வெளுக்கும். வெள்ளியும் வியாழனும் என்றால் இன்னும் மோசம், வெள்ளியின் மேல் விழும் சூரிய ஒளி வியாழனின் மேல் விழுவதைப் போல ஐம்பது மடங்கு. ஆகவே ஒரே ஷட்டர் நேரத்தில் எல்லாம் வர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, ஒரே பிரேமை வெவ்வேறு நேரங்களில் எடுத்துப் பழகுங்கள்.

எஃப்/6 தொலைநோக்கி (குவியத்தூரம் வாயின் அகலத்தைப் போல ஆறு மடங்கு), ஐஎஸ்ஓ 400 என்று வைத்துக்கொண்டால் வியாழனுக்கு 1/125 செக்கனில் தொடங்கலாம், சனிக்கு 1/30, வியாழனின் துணைக்கோள்களுக்கு 1/4. எஃப்/10 என்றால் ஐஎஸ்ஓவை மட்டும் 1000 அளவுக்கு உயர்த்துங்கள். வெள்ளியும் வியாழனும் என்றால் ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கி வெள்ளிக்கு 1/2000, வியாழனுக்கு 1/30. அடிவானத்துக்குக் கிட்டப் போகப் போகக் கோள் மங்கும், அதற்கேற்ப நேரத்தைக் கூட்டுங்கள். இவை தொடக்க அளவுகள்தான், உங்கள் கருவிக்கு எது சரி என்பதை ஒத்திகைதான் சொல்லும்.

ஒத்திகைக்கு வியாழனே போதும். அதன் நாலு பெரிய துணைக்கோள்களில் வெளியே இருக்கும் கலிஸ்ரோ, வியாழனிலிருந்து சில வேளை பத்துக் கலை வரை விலகி நிற்கும். வியாழனையும் நாலு துணைக்கோள்களையும் ஒரே பிரேமில் தெளிவாக எடுக்கத் தெரிந்துவிட்டால், 6 கலைச் சேர்க்கைக்கு வேண்டிய எல்லாம் தெரிந்ததாகிவிடும். வியாழன் இல்லாத காலமென்றால் நிலவில் பழகுங்கள்.

அன்று மாலை

சூரியன் மறைவதற்கு ஒரு மணிநேரம் முன்பே இடத்துக்குப் போய்விடுங்கள். கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர அரைமணிநேரமாவது வேண்டும், ஏசி வாகனத்தில் கொண்டுபோனால் இன்னும் கூடுதலாக. வெள்ளியோ வியாழனோ கண்ணுக்குத் தட்டுப்பட்டவுடன் தொடங்குங்கள். வானம் முழுதாக இருட்டட்டும் என்று காத்திருந்தால் கோள்கள் தாழ்ந்துவிடும், தாழத் தாழக் காற்றின் நெளிவும் நிறப்பிரிகையும் கூடும். கோளின் மேல் விளிம்பு நீலமாகவும் கீழ் விளிம்பு சிவப்பாகவும் தெரியத் தொடங்கினால் நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நட்சத்திரத்தில் குவியம், பிறகு கோள்கள். இரண்டையும் இணைக்கும் கோடு பிரேமின் நீளப் பக்கத்துக்குச் சமாந்தரமாக வரும்படி கமராவைச் சுழற்றிப் பூட்டுங்கள். சுழற்றினால் குவியம் மாறலாம், இன்னொருமுறை பாருங்கள். ஷட்டர் பொத்தானை விரலால் அமுக்காமல் இரண்டு செக்கன் ரைமரில் விடுங்கள். ஒவ்வொரு ஷட்டர் நேரத்திலும் இருபது முப்பது படம், பிறகு அடுத்த நேரம், மூன்றும் முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. காற்று ஒரு கணம் அமரும், அடுத்த கணம் குழம்பும். நிறைய எடுத்தால்தான் அமர்ந்த கணங்கள் சில அகப்படும். வீடியோ எடுக்கக்கூடியவர்கள் ஒவ்வொரு அளவிலும் ஒன்றரை நிமிடம் போல எடுங்கள். வியாழன் பத்து மணிநேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடுகிறது, ஒரே வீடியோ அதிக நேரம் ஓடினால் அதன் மேற்பரப்பு விபரங்கள் இழுபடும்.

சனம் கூடும். கூட வேண்டும் என்பதுதான் என் விருப்பம், பிள்ளைகள் சனியின் வளையத்தைத் தங்கள் கண்ணால் காண்பதை விடப் படம் பெரிதல்ல. முடிந்தால் இன்னொரு சிறிய தொலைநோக்கியைப் பார்வைக்கென்று பக்கத்தில் வையுங்கள். ஒன்றுதான் உண்டென்றால் முதல் சுற்றுப் படங்களை எடுத்து முடித்தபின் கமராவைக் கழற்றி எல்லோருக்கும் காட்டுங்கள்.

கடல் காற்றில் உப்பு இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியையோ வில்லையையோ துணியால் துடைக்காதீர்கள், உப்புத்துகள் கீறிவிடும். ஊதுபந்தால் ஊதி, ஈரம் காய்ந்தபின் மூடியைப் போடுங்கள்.

படங்களைச் சேர்த்தல்

வீடியோவை 'ஆட்டோஸ்டாக்கர்ட்' என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால் நல்ல பிரேம்களைத் தானே பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும். இரண்டு கோள்களையும் தனித்தனியே அடுக்குங்கள், ஒன்றுக்குச் சரியான பிரேம் மற்றதற்குச் சரியாக இருப்பதில்லை. 'ரெஜிஸ்டாக்ஸ்' கூர்மையாக்கும், நீலச் சிவப்பு விளிம்புகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும். கூர்மையைக் கூட்டும்போது கோளைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியத் தொடங்கினால் அளவுக்கு மிஞ்சிவிட்டது, ஒரு படி குறையுங்கள்.

கடைசியாக 'ஜிம்ப்' போன்ற படத்திருத்த மென்பொருள் ஒன்றில், துணைக்கோள்களுக்காக நீண்ட நேரம் திறந்த படத்தை அடியில் வைத்து, வெளுத்துப்போன கோள்களுக்கு மேலே குறுகிய நேரப் படங்களின் கோள்களை அதே இடத்தில், அதே அளவில் பதியுங்கள். இது நியாயமான வேலை; கமரா ஒரே தடவையில் வாங்க முடியாததை நாம் மூன்று தடவையில் வாங்குகிறோம். ஆனால் கோள்களைக் கிட்ட நகர்த்துவதும், ஒன்றை மட்டும் பெருப்பிப்பதும் கூடாது. பார்ப்பவர் அந்த இடைவெளியை நம்புகிறார். எந்தெந்த ஷட்டர் நேரங்களைச் சேர்த்தீர்கள் என்று படத்தோடு எழுதிவிடுங்கள்.

பெயர் போடுவதற்கு முன் திசையைச் சரிபாருங்கள். நியூட்டன் வகைத் தொலைநோக்கி படத்தைத் தலைகீழாகத் தரும், ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் கண்ணாடி (ஸ்டார் டயகனல்) பொருத்திய மற்ற வகைகள் இடம் வலம் மாற்றும். நீங்கள் எடுத்த திகதியையும் நேரத்தையும் ஸ்டெல்லாரியத்தில் கொடுத்து, யாழ்ப்பாணத்தை இடமாக வைத்து, அயோ, யூரோப்பா, கனிமீட், கலிஸ்ரோ எந்தெந்தப் பக்கம் நிற்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்து, அதற்கேற்பப் படத்தைத் திருப்பியபின் பெயர்களை எழுதுங்கள்.